ஆசரிப்புக் கூடாரம்: வாசலிலிருந்து கிருபாசனம் வரை

பைபிளை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் திணறிப்போகிறார்கள். அதுவரை கதை விறுவிறுவென்று போகும். பத்து வாதைகள், பஸ்கா இரவு, செங்கடல், மன்னா, சீனாய் மலையில் இடிமுழக்கம். அப்புறம் திடீரென்று முழக்கணக்கு, பலகைகள், கொக்கிகள், வெள்ளிப் பாதங்கள், திரைகள். 25 முதல் 31 வரை ஆசரிப்புக் கூடாரத்தை, அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த கூடாரத்தை, எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளை. 35 முதல் 40 வரை அந்த விவரங்களெல்லாம் மறுபடியும், இந்த முறை செய்து முடித்த வேலையாக. இரண்டையும் சேர்த்தால் 13 அதிகாரங்கள். உலகம் படைக்கப்பட்டதைச் சொல்ல ஆதியாகமத்துக்கு இரண்டு அதிகாரங்கள் போதுமாயிருந்தன.

இத்தனை இடம் ஒதுக்கியதற்கான காரணம் 25:8-இல் ஒரே வரியில் இருக்கிறது: "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண, எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக." மலை உச்சியில் அக்கினியாக இறங்கிய தேவன், பாளயத்துக்குள் வந்து, ஜனங்கள் கூடாரத்தில் இருப்பதுபோலத் தாமும் ஒரு கூடாரத்தில் குடியிருக்க விரும்புகிறார். ஆனால் பரிசுத்தமான தேவனும் பாவமுள்ள ஜனமும் ஒரே பாளயத்தில் எப்படி இருக்க முடியும்? கூடாரத்தில் வைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டளைக்கும் வேலைக்கும் நடுவில் 32 முதல் 34 வரை மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. அங்கேதான் பொன் கன்றுக்குட்டி வருகிறது. மோசே மலையின்மேல் கூடாரத்துக்கான கட்டளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழே ஜனங்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்து ஒரு விக்கிரகம் செய்துகொண்டிருந்தார்கள். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. மோசே மன்றாடினார், தேவன் மன்னித்தார், அதன்பிறகே வேலை ஆரம்பமானது. அதே ஜனங்கள் இந்த முறை கூடாரத்துக்காகக் கொண்டுவந்த காணிக்கை தேவைக்கு மேல் குவிந்து, "இனிக் கொண்டுவர வேண்டாம்" என்று மோசே சொல்ல வேண்டியதாயிற்று (36:6). ஆக, ஆசரிப்புக் கூடாரம் மன்னிப்புப் பெற்றவர்களின் கையால் எழும்பியது. கைவினைஞர்களான பெசலெயேலும் அகோலியாபும் முன்நின்று நடத்திய வேலை அது.

முதலில் இடத்தைப் பார்ப்போம்

ஒரு முழம் என்பது ஏறக்குறைய ஒன்றரை அடி. கூடாரத்தைச் சுற்றியிருந்த முற்றமான வெளிப்பிராகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். அதாவது சுமார் 150 அடிக்கு 75 அடி. சுற்றிலும் மெல்லிய பஞ்சுநூல் தொங்குதிரைகள், உயரம் 5 முழம், அதாவது ஏழரை அடி. வெளியே நிற்கிறவர் எவ்வளவு எம்பினாலும் உள்ளே பார்க்க முடியாது. நுழைய ஒரே வாசல், கிழக்குப் பக்கத்தில், 20 முழ அகலத்தில்.

பிராகாரத்துக்குள் கூடாரம். பலகைகளின் கணக்கிலிருந்து பார்த்தால் 30 முழ நீளம், 10 முழ அகலம், 10 முழ உயரம். அடிக்கணக்கில் 45-க்கு 15. நம் ஊர்களில் இருக்கும் ஒரு சிறிய கிராமத்து ஆலயத்தின் அளவுதான். இஸ்ரவேலின் தெற்குப் பகுதியில், எயிலாத்துக்கு அருகே உள்ள திம்னா பூங்காவில் முழு அளவில் ஒரு மாதிரிக் கூடாரம் அமைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணில் படுவது அதன் சிறிய அளவு. இந்தக் கூடாரத்தை ஒரு திரை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் 20 முழம் பரிசுத்த ஸ்தலம், மீதி 10 முழம் மகா பரிசுத்த ஸ்தலம். உள் அறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 10 முழம். இந்தச் சமசதுர அறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள் ஏழு. பிராகாரத்தில் வெண்கலப் பலிபீடமும் வெண்கலத் தொட்டியும். பரிசுத்த ஸ்தலத்தில் சமுகத்தப்ப மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம். மகா பரிசுத்த ஸ்தலத்தில் உடன்படிக்கைப் பெட்டியும் அதன்மேல் மூடியாகக் கிருபாசனமும். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் இதே இடம் சந்திப்புக் கூடாரம் என்றும், பெட்டி உடன்படிக்கைப் பேழை என்றும் வரும். கத்தோலிக்க ஆலயங்களில் நற்கருணைப் பேழையும் அதனருகே அணையாமல் எரியும் விளக்கும் இருக்கின்றன அல்லவா, அந்த ஏற்பாடு இந்தக் கூடாரத்தின் நினைவோடு சேர்ந்தது.

நுழையும் திசையில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. கிழக்கிலிருந்து உள்ளே வருகிறவர் மேற்கு நோக்கி நடக்கிறார். ஆதியாகமம் 3-இல் ஆதாம் ஏவாளைத் துரத்திவிட்ட பிறகு, ஏதேனுக்குக் கிழக்கே கேருபீன்கள் என்னும் செட்டையுள்ள பரலோக ஜீவன்கள் காவல் வைக்கப்பட்டார்கள். கூடாரத்தின் உள்திரையிலும் அதே கேருபீன்கள் நெய்யப்பட்டிருக்கிறார்கள். இழந்துபோன தோட்டத்துக்குத் திரும்புகிற பாதை இது என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அது மிகச் சரியாகவே படுகிறது. உள்ளே போகப் போக உலோகம் மாறுகிறது: வெளியே வெண்கலம், உள்ளே பொன். ஆட்களும் குறைகிறார்கள். பிராகாரத்தில் ஜனங்கள், பரிசுத்த ஸ்தலத்தில் ஆசாரியர்கள் மட்டும், கடைசி அறையில் ஒரே ஒரு மனிதன், அதுவும் வருஷத்தில் ஒரே ஒரு நாள்.

ஆனால் கட்டளை கொடுக்கும்போது தேவன் வாசலிலிருந்து தொடங்கவில்லை. 25-ஆம் அதிகாரத்தில் முதலில் சொல்லப்படும் பொருள் உடன்படிக்கைப் பெட்டி, அதாவது உள்ளறையில் இருப்பது. அங்கிருந்து மேஜைக்கும் விளக்குக்கும் வந்து, அப்புறம்தான் பலிபீடத்துக்கும் பிராகாரத்துக்கும் வருகிறார். மனிதன் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். தேவனோ உள்ளேயிருந்து வெளியே வருகிறார். கூடாரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மனிதன் நடக்கிற பாதையையே பேசிவிட்டு, தேவன் முதலில் நடந்து வந்ததை விட்டுவிடுகிறோம்.

எதை உறுதியாகப் பிடிப்பது, எதைத் தளர்வாக?

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கூடாரத்தைப் பற்றிய பிரசங்கங்களில் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள். இளநீலம் பரலோகம், இரத்தாம்பரம் ராஜரிகம், சிவப்பு இரத்தம், வெள்ளை பரிசுத்தம். சீத்திம் மரம் கிறிஸ்துவின் மனிதத்தன்மை, அதன்மேல் தகடாக மூடிய பொன் அவருடைய தெய்வீகம். இவற்றை வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. சீத்திம் மரம் நம் வேலமர இனத்தைச் சேர்ந்தது. சீனாய் வனாந்தரத்தில் அதுவே கிடைத்தது. நிறங்களைப் பற்றி முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சொன்னது முற்றிலும் வேறு: நான்கு நூல்களும் நிலம், கடல், காற்று, நெருப்பு என்ற நான்கு பூதங்கள் என்றார். ஒரே நூலுக்கு ஆளுக்கொரு அர்த்தம்.

அதனால் நான் இரண்டு தட்டாகப் பிரித்து வாசிக்கிறேன். வேதாகமமே விளக்கம் கொடுத்த அடையாளங்களை உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம்: திரை, பிரதான ஆசாரியன், இரத்தம், தூபம், பலி. இவற்றை எபிரெயருக்கு எழுதின நிருபமும், யோவானும், பவுலும் நேரடியாகக் கிறிஸ்துவோடு இணைக்கிறார்கள். மற்றவை பக்தியுள்ள சிந்தனைகள். அழகானவை, பிரயோஜனமானவை, ஆனால் அவற்றின்மேல் உபதேசத்தைக் கட்டக்கூடாது. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியரே 9-ஆம் அதிகாரத்தில் விளக்கு, மேஜை, பெட்டி, கேருபீன்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவைகளைப் பற்றி இப்போது விவரமாகச் சொல்வதற்கில்லை என்று நிறுத்திக்கொள்கிறார். அவர் நிறுத்திய இடத்தில் நாமும் கொஞ்சம் நிதானிக்கலாம்.

அதே நிருபம் கூடாரத்தை 'நிழல்' என்கிறது (8:5, 10:1). நிழல் பொய்யல்ல, உண்மையான ஒரு பொருள் இருந்தால்தான் நிழல் விழும். யூதர்கள் இந்த அதிகாரங்களை இன்றும் தங்கள் விசுவாசத்தின்படி வாசித்து, அதில் தங்களுக்கான அர்த்தத்தைக் காண்கிறார்கள். கிறிஸ்தவர்கள் நிழலுக்குரிய பொருள் கிறிஸ்துவே என்று நம்பி வாசிக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடுதான் இனி உள்ளே போகிறோம்.

பிராகாரத்தில்

வாசலைத் தாண்டியதும் வழியை மறிப்பதுபோல நிற்பது தகனபலிபீடம். 5 முழத்துக்கு 5 முழம், உயரம் 3 முழம், நாலு மூலையிலும் கொம்புகள், வெண்கலத்தகடு மூடிய மரம். இதிலுள்ள நெருப்பு அவிந்துபோகவே கூடாது (லேவியராகமம் 6:13). தினமும் காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒரு ஆட்டுக்குட்டி.

லேவியராகமத்தின் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்தால் அங்கே நடந்தது கண்முன் வரும். பலி கொண்டுவருகிறவர் ஆசாரியனிடம் மிருகத்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பதில்லை. அதன் தலைமேல் அவரே கையை வைக்க வேண்டும். அவர் கையே அதை வெட்ட வேண்டும். ஆசாரியன் இரத்தத்தை ஏந்திப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிப்பான். கைக்குக் கீழே அந்த உயிரின் சூடு, பிறகு அது அடங்குவது. 'எனக்குப் பதிலாக இது' என்பதை இதைவிட வெளிப்படையாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஏழைகளுக்கும் அங்கே வழி இருந்தது. ஆடு வாங்க முடியாதவர் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதுவும் முடியாதவர் கொஞ்சம் மெல்லிய மாவு கொண்டுவரலாம் (லேவியராகமம் 5). லூக்கா 2-இல் குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோன மரியாளும் யோசேப்பும் கொடுத்தது இந்த ஏழைகளின் பறவைக் காணிக்கையே. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத தாய் தகப்பன். அவர்கள் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்துப் பிற்பாடு யோவான்ஸ்நானன் சொன்னான்: "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி."

பலிபீடத்துக்குக் கிறிஸ்தவ அர்த்தம் சிலுவை. இதில் குழப்பமே இல்லை. காளைகள், வெள்ளாட்டுக்கடாக்கள் இவற்றின் இரத்தம் பாவத்தை நீக்க முடியாது என்று எபிரெயர் 10:4 சொல்கிறது. அப்படி நீக்கியிருந்தால் பலி நின்றிருக்கும். தினமும் காலை, மாலை, ஆண்டுக்கு ஆண்டு அது தொடர்ந்ததே வேலை முடியவில்லை என்பதற்குச் சாட்சி.

இங்கே எளிதில் கவனத்துக்கு வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடாரத்தின் பொருட்களில் நாற்காலி கிடையாது. மேஜை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, உட்கார இடம் இல்லை. ஆசாரியர்கள் நின்றுகொண்டே ஊழியம் செய்தார்கள். எபிரெயர் 10:11, 12 இதைப் பிடித்துக்கொள்கிறது: மற்ற ஆசாரியர்கள் நாள்தோறும் நிற்கிறார்கள், இவரோ ஒரே பலியைச் செலுத்தி, தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார்.

பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே வெண்கலத் தொட்டி. இதற்கு அளவே கொடுக்கப்படவில்லை. ஆனால் எதிலிருந்து செய்தார்கள் என்று யாத்திராகமம் 38:8 சொல்கிறது: கூடாரவாசலில் கூடின ஸ்திரீகளின் முகம் பார்க்கும் கண்ணாடிகளிலிருந்து. அந்தக் காலத்துக் கண்ணாடி என்றால் மெருகேற்றிய வெண்கலம். ஆசாரியர்கள் கூடாரத்துக்குள் போகும்போதும் பலிபீடத்தண்டை வரும்போதும் கைகால்களை இதில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சாவார்கள்.

ஆசாரியனாக அபிஷேகம் பண்ணப்படும் நாளில் ஒருமுறை முழு ஸ்நானம் உண்டு. அதன்பின் தினந்தினம் கைகால் மட்டும். யோவான் 13-இல் பேதுரு "என் கைகளையும் என் தலையையும்கூட" என்று கேட்டபோது இயேசு சொன்ன பதில், முழுகினவன் கால்களை மட்டும் கழுவினால் போதும் என்பது. தொட்டியருகே பழகிய யூத காதுக்கு இது புதிராக இருந்திருக்காது. ஒருமுறை மீட்கப்பட்டவரும் தினமும் அறிக்கையிட்டுக் கழுவப்பட வேண்டியவர் என்பதே இதன் சாரம். கண்ணாடியை வசனத்தோடும் யாக்கோபு 1:23-ஓடும் இணைத்துப் பேசுவது நான் சொன்ன இரண்டாம் தட்டில் சேரும். எனக்குப் பிடித்த சிந்தனைதான், ஆனால் வேதாகமம் அந்தத் தொட்டியை அப்படி விளக்கவில்லை.

பரிசுத்த ஸ்தலத்துக்குள்

கூடாரத்துக்குள் ஜன்னல் இல்லை. மேலே நாலு அடுக்கு மூடல்: நெய்த திரை, ஆட்டுமயிர்க் கம்பளம், சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத்தோல், எல்லாவற்றுக்கும் மேலே தகசுத்தோல். வெளியே நின்று பார்த்தவருக்குத் தெரிந்தது அந்தத் தோல் மட்டும்தான். உள்ளேயிருந்த பொன்னை ஒரு சாதாரண இஸ்ரவேலன் வாழ்நாளில் ஒருமுறையும் பார்த்ததில்லை.

அந்த இருட்டில் இருந்த ஒரே வெளிச்சம் தெற்குப் பக்கத்துக் குத்துவிளக்கு. நம் வீட்டில் ஏற்றும் குத்துவிளக்கின் உருவத்தை மனதில் வைத்தால் தப்பாகிவிடும். இது ஒரு மரம்போல இருந்தது: நடுத்தண்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள், வாதுமைப் பூவைப்போல் மொக்குகளும் பூக்களும், மேலே ஏழு அகல்கள். ஒரு தாலந்து, அதாவது 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள பசும்பொன்னை வார்க்காமல் அடித்தே செய்தார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் தேவாலயத்தை அழித்துக் கொள்ளையிட்டபோது இதே அமைப்பில் இருந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோமில் இன்றும் நிற்கும் தீத்துவின் வெற்றி வளைவில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. விளக்கோடு மேஜையும் எக்காளங்களும் தெரிகின்றன. கூடாரத்தின் பொருட்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க நமக்குக் கிடைத்த பழைய சிற்பச் சாட்சி அது.

"நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்று இயேசு சொன்னது தேவாலய வளாகத்திலே, காணிக்கைப்பெட்டி இருந்த இடத்தில் (யோவான் 8:12, 20). வெளிப்படுத்தின விசேஷம் 1:20-இலோ ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று கிறிஸ்துவே விளக்குகிறார். இரண்டும் முரண்படவில்லை. எண்ணெய் தொடர்ந்து ஊற்றப்பட வேண்டும், திரியைக் காலையும் மாலையும் சீர்ப்படுத்த வேண்டும். விளக்கு தானாக எரிவதில்லை. சகரியா 4-இல் குத்துவிளக்கும் ஒலிவமரங்களும் வரும் தரிசனத்துக்குக் கிடைக்கும் விளக்கம், "பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே" என்பது.

விளக்குக்கு எதிரே, வடக்குப் பக்கம் மேஜை. அதன்மேல் இரண்டு அடுக்காக 12 அப்பங்கள், கோத்திரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், மேலே சாம்பிராணி. ஓய்வுநாள்தோறும் புதிய அப்பம் வைத்து, பழையதை ஆசாரியர்கள் அந்தப் பரிசுத்த இடத்திலேயே சாப்பிடுவார்கள். சுற்றியிருந்த ஜாதிகள் தங்கள் தெய்வங்களுக்குப் பசியாற்றப் படையல் போட்டார்கள். இங்கே வீட்டுக்காரர் சாப்பிடவில்லை, ஊழியக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிறார். "ஜீவ அப்பம் நானே" என்ற இயேசுவின் வார்த்தையையும், திருவிருந்து மேஜையையும் கிறிஸ்தவர்கள் இதன் தொடர்ச்சியாகப் பார்ப்பது இயல்பு. தாவீது பசியோடு வந்தபோது இந்த அப்பம் அவனுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை இயேசுவே எடுத்துக்காட்டினார் (மத்தேயு 12).

திரைக்கு நேர் முன்னால் தூபபீடம். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரம். வெள்ளைப்போளம், குங்கிலியம், அல்பான் பிசின், சாம்பிராணி ஆகிய நான்கையும் சம எடையில் கலந்த தூபவர்க்கம். அதே கலவையை வாசனைக்காக வீட்டில் செய்யக்கூடாது என்று தடையும் இருந்தது. இதன் அர்த்தத்தைத் தேட வேண்டியதில்லை: "என் விண்ணப்பம் உமக்கு முன்பாகத் தூபமாகவும்" என்று சங்கீதம் 141 சொல்கிறது, வெளிப்படுத்தின விசேஷம் 5:8 பரிசுத்தவான்களுடைய ஜெபங்களே தூபவர்க்கம் என்கிறது. சகரியா ஆசாரியன் உள்ளே தூபங்காட்டிய நேரத்தில் ஜனங்கள் வெளியே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள் (லூக்கா 1:10). ஜெபம் திரைக்கு மிக அருகே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. திரையைத் தாண்டி மனிதன் போக முடியாத நாளிலும் புகை போயிருக்கும்.

திரைக்கு அப்பால்

இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களும் பஞ்சுநூலும் சேர்த்து நெய்த திரை. அது தொங்கிய நாலு தூண்களின் கீழே வெள்ளிப் பாதங்கள். இந்த நாலும், பலகைகளுக்குக் கீழிருந்த 96-உம் சேர்த்து 100 பாதங்கள், ஒவ்வொன்றும் ஒரு தாலந்து வெள்ளி. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? எண்ணப்பட்ட 6,03,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல் வீதம் தங்கள் ஆத்துமாவுக்காகக் கொடுத்த மீட்புப்பணம் (யாத்திராகமம் 38:25-27). ஐசுவரியவான் அதிகம் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கக்கூடாது. கூடாரம் மணல்மேல் நிற்கவில்லை, மீட்பின் கிரயத்தின்மேல் நின்றது. யார் காசு எந்தப் பாதத்தில் உருகிக் கலந்தது என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

திரையைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. அது கையகலத் தடிமன் என்று சொல்வார்கள்; அது பிற்காலத்துத் தேவாலயத் திரையைப் பற்றிய யூத மரபு, யாத்திராகமத்தில் தடிமன் சொல்லப்படவில்லை. பிரதான ஆசாரியன் உள்ளே செத்துவிட்டால் இழுத்துப்போட அவன் காலில் கயிறு கட்டியிருந்தார்கள், மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று தெரிந்துகொள்வார்கள் என்பதும் பிரசங்கங்களில் வருகிறது. வேதாகமத்தில் அந்தக் கயிறு கிடையாது. மணிகள் உண்டு, ஆனால் அவை அவனுடைய மகிமையான அங்கியில் இருந்தவை. திரைக்கு உள்ளே போகிற நாளில் அவன் அதைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் சணல்நூல் வஸ்திரம் உடுத்த வேண்டும் (லேவியராகமம் 16:4). கயிற்றுக் கதையைவிட இந்த எளிய உடை எவ்வளவோ ஆழமானது. வருஷத்தின் மிகப்பெரிய நாளில், மிகப் பரிசுத்தமான இடத்துக்குள், அலங்காரம் எதுவுமில்லாமல் ஒரு மனிதன் போகிறான்.

உள்ளே இருந்தது பெட்டி. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். உள்ளும் புறமும் பொன். தூக்குகிற தண்டுகளை எப்போதும் கழற்றக்கூடாது. எப்போது வேண்டுமானாலும் ஜனத்தோடு கிளம்புகிற தேவனுடைய பெட்டி அது. உள்ளே பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகள். மன்னா இருந்த பொற்பாத்திரமும் ஆரோனுடைய துளிர்த்த கோலும் இருந்ததாக எபிரெயர் 9:4 சொல்கிறது. சாலொமோன் காலத்தில் கற்பலகைகள் மட்டும் மிஞ்சியிருந்தன (1 இராஜாக்கள் 8:9). பெட்டியின்மேல் மூடியாகப் பசும்பொன் கிருபாசனம். அதன் இரண்டு ஓரங்களிலும் கேருபீன்கள், செட்டைகளை விரித்து, முகம் ஒன்றையொன்று நோக்கி, பார்வை கிருபாசனத்தின்மேல். இரண்டுக்கும் நடுவே உருவம் எதுவும் இல்லை. "அங்கே நான் உன்னைச் சந்திப்பேன்" என்று தேவன் சொன்ன இடம் அது.

ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாளில் நடந்ததை லேவியராகமம் 16 படிப்படியாகச் சொல்கிறது. முதலில் பிரதான ஆசாரியன் பலிபீடத்து நெருப்புத்தணலையும் இரண்டு கைப்பிடி தூபவர்க்கத்தையும் கொண்டுபோய், புகைமேகம் கிருபாசனத்தை மூடும்படி செய்வான். பிறகு காளையின் இரத்தம், தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும். பிறகு வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம், ஜனங்களுக்காக. விரலால் கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்பாக ஏழுதரமும் தெளிப்பான். வெளியே வந்து, இன்னொரு கடாவின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து ஜனத்தின் பாவங்களை அறிக்கையிட, அந்தப் போக்காடு வனாந்தரத்துக்குப் போய்விடும், திரும்பி வராது.

இரத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கீழே பெட்டிக்குள் மீறப்பட்ட கட்டளைகள். மேலே தேவனுடைய சமுகம். இரண்டுக்கும் நடுவிலே இரத்தம். ரோமர் 3:25-இல் பவுல் தேவன் கிறிஸ்துவைக் கிருபாதாரபலியாக ஏற்படுத்தினார் என்று எழுதும்போது இந்த மூடியையே மனதில் வைத்திருக்கிறார். நியாயப்பிரமாணம் தூக்கி எறியப்படவில்லை, அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் இரக்கம் அமர்ந்திருக்கிறது.

யூதா கோத்திரத்தில் பிறந்த இயேசு, பூமியில் வாழ்ந்த நாட்களில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஊழியம் செய்ய உரிமையில்லாதவர். அந்த உரிமை லேவி கோத்திரத்து ஆரோன் வீட்டாருக்கு உரியது. எபிரெயர் 7:14-உம் 8:4-உம் இதை மறைக்காமல் சொல்கின்றன. தேவாலயத்தில் அவர் போதித்ததெல்லாம் வெளியே, ஜனங்கள் நின்ற இடத்தில். அப்படிப்பட்டவர் சிலுவையில் ஜீவனை விட்ட வேளையில் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது (மத்தேயு 27:51). கீழிருந்து மேலாக அல்ல. அந்தத் திரை அவருடைய மாம்சமே என்றும், அதன் வழியாய்ப் புதியதும் ஜீவனுமான மார்க்கம் திறந்தது என்றும் எபிரெயர் 10:20 சொல்கிறது. ஆகவேதான் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்று ஒரு சாதாரண விசுவாசிக்கு அந்த நிருபத்தால் எழுத முடிந்தது. ஒரே மனிதன் வருஷத்தில் ஒரு நாள் புகைமேகத்துக்குள் நடுங்கிக்கொண்டு போன இடத்துக்கு!

அந்தச் சமசதுர அறையை நினைவில் வைக்கச் சொன்னேன். வெளிப்படுத்தின விசேஷம் 21:16-இல் புதிய எருசலேம் அளக்கப்படுகிறது. அதின் நீளமும் அகலமும் உயரமும் சமம். அந்த நகரத்தில் தேவாலயத்தை நான் காணவில்லை என்கிறார் யோவான். நகரம் முழுவதும் மகா பரிசுத்த ஸ்தலமாகிவிட்ட பிறகு தனியாக ஓர் ஆலயம் எதற்கு?

வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? 13 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க முயல வேண்டாம். யாத்திராகமம் 25-ஐ வாசித்துவிட்டு, 32-ஐயும் 33-ஐயும் வாசியுங்கள். அப்புறம் 40-க்குப் போங்கள். மேகம் இறங்கி, கர்த்தருடைய மகிமை கூடாரத்தை நிரப்பி, மோசேயே உள்ளே நுழைய முடியாமல் போவதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. அடுத்தது லேவியராகமம் 16. அதன்பிறகு எபிரெயர் 8, 9, 10. ஒரு காகிதத்தில் கூடாரத்தின் படத்தை நீங்களே வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் மிகவும் உதவும்: கிழக்கு எது, வாசல் எது, விளக்கு எந்தப் பக்கம், மேஜை எந்தப் பக்கம் என்று. அளவுகள் சரியாக வரவில்லையென்றாலும் பரவாயில்லை. கோடு போடும்போது பெட்டியிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள், தேவன் மோசேக்குச் சொன்ன வரிசையில்.